மூத்தோர் வாழும் மனை

மனையின் சிறப்பை ஆராயப் புகுவோர் அதன் நீள அகலங்களையும் தோற்றப் பொலிவையுமே பெரும்பாலும் நோக்குவர். அதனுள் வாழ்வோரின் உடல்நிலையை நோக்குவோர் சிலரேயாவர். இளையோர்க்கு இன்பந் தரும் வீடே முதியோர்க்கு இடர் விளைத்தலும் உண்டு. இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பலர் அறுபதைக் கடந்தவர். ஏனையோருட் பலர் அவ்வயதினரான பெற்றோரை உடையவர். ஆதலின் இப்பொருள் பற்றி ஈண்டுச் சில கூறுதும்.

வேலையையும் கருவியையும் இடத்தையும் மனித உடலுக்கு இசைய அமைக்கும் துறை பணிச்சூழலியல் எனப்படும். இதன் மேனாட்டுப் பெயரை 1857 ஆம் ஆண்டிலே போலந்து நாட்டு அறிஞர் யஸ்ட்செம்பொவ்ஸ்கி என்பார், வேலை, விதி எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ஆக்கினார். பொருளுக்கு ஏற்ப உடல் வருந்துதல் வேண்டா. உடலுக்கு ஏற்பப் பொருள் அமைதல் வேண்டும் என்பதே இத்துறையின் சாரம். இக்கோட்பாடு தொழிற்சாலைக்கு மாத்திரமன்றி மூத்தோர் உறையும் வீட்டுக்கும் பொருந்துவதாம்.

மூப்பினால் உடலில் நிகழும் மாற்றங்களை முதற்கண் அறிதல் வேண்டும். இருபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே அறுபது வயதினரின் விழித்திரையை அடைகின்றது. தசை மெலிகின்றது; முழங்கால் மடங்க மறுக்கின்றது. படுக்கையினின்று விரைந்து எழுமிடத்து இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றுதலும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 684,000 பேர் விழுந்து இறக்கின்றனர். அவருள் அறுபதைக் கடந்தோரே மிகுதி. உயிர் தப்பினும், தொடையெலும்பின் கழுத்து முறிந்தவருட் பலர் முன்போல நடமாடுதல் அரிதாகின்றது. ஒருமுறை விழுந்தவர் அச்சத்தால் நடையைக் குறைப்பர். நடை குறையத் தசை மேலும் மெலியும். அம்மெலிவு மறுபடியும் வீழ்த்தும்.

இனி, நம் வீடுகளை நோக்குவோம். பழைய நாற்சார் வீடுகளிலே கிணறும் மலசலகூடமும் வளவின் பின்புறத்தே இருந்தன. இருளிற் படியிறங்கி, பாசி படர்ந்த கிணற்றடியைக் கடத்தல் முதியோர்க்குப் பெருந்துன்பமாகும். புதிய வீடுகளிலோ மலசலகூடம் உள்ளேயுண்டு. ஆனால் பளபளக்கும் தரையோடு நீர்பட்ட மாத்திரத்தே வழுக்குகின்றது. கடல் கடந்து வாழும் பிள்ளைகள் பொருள் அனுப்பிக் கட்டுவிக்கும் மாடிவீடுகள் சிலவற்றில், பெற்றோர் மேல்மாடியை ஏறிப் பார்ப்பதேயில்லை.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. குளிக்குமிடத்திலும் மலசலகூடத்திலும் சொரசொரப்பான தரை அமைத்தல் வேண்டும். சுவரிலே நிலத்திலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் உறுதியான கைபிடி பொருத்துதல் நன்று. துவாய் தொங்கவிடும் கம்பி உடற்பாரத்தைத் தாங்காது. குந்தியிருத்தல் இயலாதார்க்கு 17 முதல் 19 அங்குல உயரமுள்ள கொமட் ஏற்றது. வாசற்படிக்குப் பதிலாகச் சாய்தளம் அமைப்பின், ஓரங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் வேண்டும். ஆறங்குலப் படிக்கு ஆறடி என்க. சாய்மனைக் கதிரை ஓய்வுக்கு இனியதாயினும் எழுவதற்கு அரியது. முழங்கால் உயரமும் திண்ணிய கைகளும் உடைய கதிரையொன்று அருகே இருத்தல் வேண்டும். கட்டிலின் ஓரத்தில் இருக்கும்போது இரு பாதங்களும் நிலத்திற் படிதல் வேண்டும். மின்விளக்கின் ஆளி படுத்தவாறே கைக்கு எட்டுதல் வேண்டும். வழியிற் கிடக்கும் சாக்கும் மின்கம்பியும் அகற்றப்படல் வேண்டும்.

இவையாவும் முதியோரைக் கட்டிலோடு பிணிப்பதற்கான வழிகள் அல்ல என்பதை மறத்தல் ஆகாது. "எழும்பாதேயுங்கோ, இருந்த இடத்தில் இருங்கோ" என்று பிள்ளைகள் அன்பினாற் கூறும் சொல்லும் ஒருவகைச் சிறையேயாம். தாமே எழுந்து, தாமே குளித்து, விறாந்தையில் வந்தமர்ந்து வீதியைப் பார்த்தல் மூத்தோரின் மானத்தோடு இயைந்தது. அதனைக் காப்பதே மேற்கூறிய அமைப்புகளின் பயன். எப்பொருளை மாற்றினும் அவர் விருப்பை வினவியே மாற்றுதல் முறை; பழகிய இடத்தினின்று கதிரையொன்றைச் சொல்லாமற் பெயர்த்தலும் இருளில் அவரை இடறச் செய்யும்.

இலங்கையில் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்க இயற்றப்பட்டது. ஆயினும் வீட்டு வாசற்படியின் உயரத்தைச் சட்டம் வந்து அளவாது. அதனை அளக்க வேண்டியவர் நாமே. மாணவர்காள்! இன்றிரவு உங்கள் பாட்டனாரோ பாட்டியாரோ படுக்கையினின்று எழுந்து மலசலகூடஞ் செல்லும்போது உடன் நடந்து பாருங்கள். அவர் எங்கே சுவரைப் பற்றுகின்றார், எங்கே தயங்குகின்றார், எங்கே இருளைத் துழாவுகின்றார் என்று குறித்துக் கொள்ளுங்கள். கைபிடியும் விளக்கும் வேண்டிய இடங்கள் அவையே.