உப்புக் காற்றும் விமானத்தின் தோலும்

காரைக்காலின் கருக்களாச்சேரிக் கடற்கரையில் அலுமினியச் சட்டம் ஒன்றில் எவர்சில்வர் போல்ட் முடுக்கி வையுங்கள். சில மாதத்தில் போல்ட் பளபளப்பாகவே இருக்கும். அதைச் சுற்றிச் சட்டத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். "அலுமினியம் துருப்பிடிக்காது, விமானத்துக்கு என்ன பயம்?" என்பவர்களுக்கு அந்தப் பொடியே பதில்.

துரு இரும்புக்குத்தான், அலுமினியத்துக்கு வருவது அரிப்பு. சுத்த அலுமினியத்தை அதன் ஆக்சைடு படலம் ஓரளவு காக்கும். ஆனால் வலுவுக்காக விமானத்தில் செம்பு சேர்த்த 2024, துத்தநாகம் சேர்த்த 7075 போன்ற கலவைகளைப் போடுகிறார்கள். செம்புத் துணுக்குகளை ஒட்டிப் படலம் பலவீனமாகும். உப்பின் குளோரைடு அங்கே புகுந்து குழி தோண்டும். அந்தக் குழியிலிருந்து விரிசல் கிளம்பும். கார்பன் இழை வந்ததும் கவலை தீர்ந்தது என்பதும் தவறு: கார்பனைத் தொடும் அலுமினியம் இன்னும் வேகமாக அரிபடும். அதனால்தான் அந்த இடங்களில் டைட்டானியம்.

"பறந்த மணியைக் கணக்கிட்டால் போதும்" என்பது அடுத்த நம்பிக்கை. நிறுத்தி வைத்த விமானத்தையும் ஈரம் விடாது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737-இன் கூரை நடுவானில் பிய்ந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். 89,680 முறை ஏறி இறங்கிய விமானம் அது. ஏறி இறங்கியதோடு, தகடுகளின் ஒட்டு விட்டு, ஈரம் புகுந்து, ரிவெட் ஓரங்களில் விரிசல்கள் சேர்ந்துவிட்டன.

சரி, விமானம் உடையும் நாளைக் கம்ப்யூட்டர் சொல்லிவிடுமா? சொல்லாது. உலோகத்தைத் திரையில் சின்னஞ்சிறு கட்டங்களாகப் பிரித்து, எது உலோகம், எது படலம், எது உப்புநீர் என்று குறித்து, பாயும் மின்னோட்டத்தைக் கொண்டு கரைவதைக் கணக்கிடுவது ஒரு முறை. 27 கிராம் அலுமினியம் கரைய சுமார் 2,89,000 கூலும் மின்னூட்டம் என்பது ஃபாரடே விதி, அதில் சந்தேகமில்லை. குழி எங்கே தொடங்கும் என்பதுதான் தற்செயல். ஆகவே ஒரே கணக்கைப் பலமுறை ஓட்டுகிறார்கள். கிடைப்பது ஆழத்தின் வரம்பு. எந்த இணைப்பை எப்போது திறந்து பார்ப்பது என்று முடிவு செய்ய அது உதவும்.

ஆய்வகத்து உப்புத் தெளிப்புப் பெட்டியின் மணிகளை ஆண்டுகளாக மாற்றிக் கணினிக்குக் கொடுப்பவர்களும் உண்டு. அந்தப் பெட்டியில் 5 சதவீத உப்புநீர், 35 டிகிரி, ஓயாத ஈரம். காரைக்கால் கரையிலோ பகல் வெயில் காய்ச்சும், இரவு பனி நனைக்கும், ஐப்பசி மழை உப்பைக் கழுவிவிடும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்துக் கடலோரத்தில் உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் வைத்துச் சோதித்தது இதற்காகத்தான். மண்டபத்து எண்களை அப்படியே காரைக்காலுக்குப் போட்டாலும் கணக்கு பிசகும்.