மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷரா?

நம்பிக்கை: ஆஸ்பத்திரியில் 160 காட்டியது. அப்படியென்றால் பிரஷர்தான்.

உண்மை: அவசரப்பட வேண்டாம். டாக்டரைக் கண்டதும் வரும் படபடப்பிலேயே சிலருக்கு அழுத்தம் ஏறிவிடும். 'வெள்ளைக் கோட்டு' இரத்த அழுத்தம் என்றே இதற்குப் பெயர். அளக்கும் விதத்திலும் கோளாறு உண்டு. மாடிப்படி ஏறி வந்தவரை மூச்சு அடங்குமுன் உட்காரவைத்து, பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும். 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய, கையை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி, சிகரெட் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டும் உட்காரக் கூடாது. வீட்டிலும் ஒரு வாரம் காலை, மாலை அளந்து எழுதிவையுங்கள். ஆஸ்பத்திரியில் 140/90 எல்லை என்றால், வீட்டில் 135/85. வீட்டில் குறைவாக இருக்கிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நம்பிக்கை: டாக்டர் 'நார்மல்' என்றுவிட்டார், கவலையில்லை.

உண்மை: 'வெள்ளைக் கோட்டு' அழுத்தத்துக்கு நேர்மாறானதும் உண்டு. ஆஸ்பத்திரியில் சரியாக இருந்து, வீட்டிலும் வேலையிடத்திலும் ஏறும் மறைந்த இரத்த அழுத்தம். என்னைக் கேட்டால் இதுதான் அதிக ஆபத்து. யாரும் தேடுவதில்லை, இதயமும் மூளையும் பாதிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். 24 மணி நேரமும் அழுத்தத்தை அளக்கும் கருவியோ வீட்டு அளவோதான் இதைக் காட்டிக்கொடுக்கும்.

நம்பிக்கை: மூன்று மாத்திரை போட்டும் குறையவில்லை. என் உடம்புக்கு மருந்தே பிடிக்காது.

உண்மை: மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறோமா என்பது முதல் கேள்வி. அடுத்து, கூடவே என்ன சாப்பிடுகிறோம்? மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் பிரஷரை ஏற்றும். இருமலுக்குப் பழகிய அதிமதுரத்தைத் தொடர்ந்து எடுத்தாலும் அப்படியே. அது உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றும். நாட்டு மருந்துதானே என்று டாக்டரிடம் சொல்லாமல் விடுகிறோம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் சேர்த்து நாளுக்கு 5 கிராம் உப்புக்கு உள்ளே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்துப்பும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும், சிறுநீர் பிரிக்கும் மாத்திரை உட்பட மூன்று மருந்துகளை முழு அளவில் கொடுத்தும் அடங்காவிட்டால்தான் அது மருந்துக்கு அடங்காத இரத்த அழுத்தம். அப்போதும் காரணம் தேட வேண்டும். பலத்த குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது ஒரு காரணம். இன்னொன்று, 1955இல் அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் விவரித்த நோய்: சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளவுக்குமேல் சுரப்பது. பொட்டாசியம் குறைவது இதன் அடையாளம் என்றாலும், அது சரியாக இருக்கும்போதும் இந்த நோய் இருக்கலாம். இரத்தப் பரிசோதனையில் தொடங்கிக் கண்டுபிடிக்கலாம். ஒரு பக்கச் சுரப்பியில் மட்டும் கோளாறு என்றால் அறுவை சிகிச்சையும் உதவும். காரணம் எதுவும் தெரியாதபோதும் வழி அடைபடவில்லை. நான்காவது மருந்தாக ஸ்பைரனோலாக்டோன் நன்றாக வேலை செய்வதை 2015இல் வெளியான பிரிட்டனின் பாத்வே-2 ஆய்வு காட்டியது. அதைப் போடுபவர்கள் பொட்டாசியத்தை அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது வலி மாத்திரை, சூரணம், லேகியம் என்று வீட்டில் சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். ஆல்டோஸ்டிரோன் பரிசோதனை எனக்குத் தேவையா என்று தயங்காமல் கேளுங்கள்.