மனம் சோர்ந்தால் உடல் பேசும்

மனச்சோர்வு என்றவுடன் மூலையிலிருந்து அழும் ஒருவரையே நாம் எண்ணிக்கொள்கிறோம். அது நாரி உளைவாகவும், தலையிடியாகவும், வயிற்றெரிவாகவும் வரும். ஆஸ்பத்திரியில் எல்லாம் சோதித்து, "ஒன்றுமில்லை" என்று அனுப்பப்பட்டவர் நம் வீடுகளிலும் இருக்கலாம்.

இதற்கு நம் மாவட்டத்திலேயே சான்றுண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பகுதியினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் வந்து குடியேறினர். ஏறக்குறைய இருபது ஆண்டுகளின் பின் அவர்களிடையே நடத்தப்பெற்று, 2013இல் வெளியான ஓர் ஆய்வு, வளர்ந்தவர்களில் 100க்கு ஏறக்குறைய 19 பேருக்கு ஏதோவொரு மனநலக் குறை இருக்கக் கண்டது. 100க்கு 14 பேரிடம் மனப்பாரம் உடல் நோவாகவே வெளிப்பட்டிருந்தது.

சாதாரண கவலை காரணத்தோடு வந்து, காரணத்தோடு போகும். வலை கிழிந்தால் கவலை. பொத்தி முடிந்தால் தீரும். மனச்சோர்வோ வலை பொத்திய பின்னும் போகாது. இரண்டு கிழமைக்கு மேலாக உறக்கம் கெட்டு, பசி குன்றி, விரும்பியதிலும் விருப்பமற்று, "நான் எதற்கும் உதவாதவன்" என்று ஒருவர் இருந்தால், அது சோம்பலன்று, நோய். பதகளிப்பில், ஆபத்தில்லாத வேளையிலும் உடல் ஆபத்துக்கு ஆயத்தமாகிறது: நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், மூச்சு முட்டும். கடலில் காற்று மாறும்போது இந்த ஆயத்தம் உயிர் காக்கும். பாயில் படுத்திருக்கையிலும் ஓயாவிட்டால் ஆளை அரித்துவிடும். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் வழமை.

விசுவாசக் குறைவு என்பாரும் உளர். எலியாஸ் தீர்க்கதரிசி செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்டபோது, சம்மனசு அவரைக் கண்டிக்கவில்லை; தட்டியெழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மீண்டும் உறங்கவிட்டது. தலவில புனித அன்னம்மாளிடம் நேர்ந்துகொள்ளுங்கள், நல்லதே. கிளினிக் திகதியைத் தவறவிட அது காரணமாகாது. மாலையில் குடிக்கும் கசிப்போ உறக்கம் தருவதுபோல் தோன்றி, உறக்கத்தையும் மனத்தையும் மேலும் கெடுக்கும்.

வைத்தியர் தரும் குளிசை வேலைசெய்ய 2 முதல் 4 கிழமை செல்லும். பத்து நாளில் "பலனில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். சுகம் கண்டபின்னும் சில மாதங்கள் எடுக்கவேண்டும். எப்போது நிறுத்துவதென்பதை வைத்தியரே சொல்வார்.

"சாக நினைக்கிறாயா?" என்று நேரே கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகப் புகுந்துவிடாது. கேளுங்கள். தோட்டத்துப் பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். தற்கொலை முயற்சி நம் நாட்டில் 1998இலிருந்து குற்றமல்ல; பொலிசுக்குப் பயந்து ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதிக்கவேண்டியதில்லை. 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துடன் இரவிலும் பகலிலும், தமிழிலேயே பேசலாம்.