முடிவான சான்று எது?

"பேரேட்டில் பற்று எழுதியிருக்கிறது, இதை யார் மறுக்க முடியும்?" என்று நம் வியாபாரிகள் பலர் கேட்பதுண்டு. பேச்சுக்கு அது சரி. கோர்ட்டில் நிலை வேறு.

சான்று என்றால், எதிராளி தம் சான்றைக் காட்டி அதை உடைக்க இடமுண்டு. முடிவான சான்று என்று சட்டம் எதைச் சொல்கிறதோ, அதை மறுத்துச் சாட்சி சொல்லவே இடமில்லை. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விளக்கம், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது.

நம் கணக்குப் புத்தகம் அந்த வகையில் சேராது. ஒழுங்காக எழுதிவரும் கணக்கைக் கோர்ட் ஏற்கும். ஆனால் அதை மட்டுமே வைத்து ஒருவர் தலையில் கடனைக் கட்ட முடியாது. கம்ப்யூட்டர் கணக்குக்கும் இதே விதிதான். துண்டுச் சீட்டு இன்னும் மோசம். தனித் தாள்கள் கணக்குப் புத்தகமே ஆகா என்று 1998இல் ஜெயின் ஹவாலா டைரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே ஐம்பது மூட்டை அரிசியைக் கடனுக்கு அனுப்பினால், சரக்கைப் பெற்றவரிடம் சலானில் தேதியுடன் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அதுவும் முடிவான சான்று அல்ல. ஆனால் கணக்குக்குத் துணை நிற்கும்.

நம் தொழிலில் முடிவான சான்று உண்டா என்றால், உண்டு. அது பெரும்பாலும் நமக்கு எதிராகவே நிற்கும்! 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம் 68ஆம் பிரிவின்படி, நிறுவனப் பதிவேட்டில் ஏறிய விவரம், அதில் கையெழுத்திட்டவருக்கு எதிராக முடிவான சான்று. "மைத்துனருக்காகப் பெயரளவில் பங்குதாரராகக் கையெழுத்துப் போட்டேன்" என்று பின்னால் சொல்லிப் பயனில்லை. கையெழுத்திடாத வெளியாருக்கு எதிராக அந்தப் பதிவு முடிவான சான்று ஆகாது.

பங்கைப் பிரித்துக்கொண்டு விலகுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வீட்டில் உட்கார்ந்து கணக்குத் தீர்த்தால் போதாது. பதிவு பெற்ற நிறுவனமானால் பதிவாளருக்கு அறிவிப்பு, அரசிதழ் விளம்பரம், உள்ளூர் மொழி நாளிதழ் விளம்பரம் மூன்றும் வேண்டும். அவை வெளிவராதவரை, இவரைப் பங்குதாரர் என்று அறிந்து சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரி, விலகிய பிறகு நிறுவனம் வாங்கிய சரக்குக்கும் இவரிடம் பணம் கேட்கலாம்.

பழைய கூட்டு வியாபாரத்தில் தம் பெயர் இன்னும் இருக்கிறதோ என்று ஐயமுள்ள அன்பர்கள், பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பதிவேட்டு நகல் பெற்றுப் பார்க்கலாம்.