இல்லக் காப்பகமும் பெற்றோரும்: கொள்ளேகால் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

காவிரிக்கு அண்மையில் அமைந்த கொள்ளேகால் பட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். 1956ஆம் ஆண்டு மாநிலங்கள் திருத்தியமைக்கப்படும் வரை அது சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தில் இணைந்தது. 1997இல் சாமராஜநகர் மாவட்டம் உருவானபோது அதன் பகுதியாயிற்று. கன்னடமும் தமிழும் ஒருங்கே வழங்கும் இவ்வட்டாரத்தில் மல்பெரி பயிரிடுதல், பட்டுப்புழு வளர்த்தல், நூல் எடுத்தல், நெய்தல் ஆகிய தொழில்கள் பல குடும்பங்களுக்கு வாழ்வளித்து வருகின்றன. இவற்றில் பெரும்பகுதி வீட்டிலோ வீட்டை ஒட்டிய கொட்டகையிலோ நடைபெறுவது. அதில் பெண்களின் உழைப்பு மிகுதி.

வேலை செய்யும் இடமே வீடாகவும் இருப்பதால், குழந்தை தாயின் கண் முன்னேயே வளரும் என்று கருதத் தோன்றும். உண்மை நிலை வேறு. பட்டுக்கூடுகளை வேகவைக்கும் கொதிநீர், புழு வளர்ப்பு மனையைத் தூய்மை செய்யப் பயன்படும் ஃபார்மலின், சலவைத்தூள், சுண்ணாம்பு ஆகியவை தவழும் குழந்தைக்குப் பெருங்கேடு விளைவிக்கக்கூடியவை. எனவே, அண்டை வீட்டுப் பெண்ணொருவர் சிறு கட்டணம் பெற்று ஐந்தாறு குழந்தைகளைத் தம் இல்லத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இத்தகைய ஊர்களுக்கு மிகவும் பொருந்துவதாகும். ஆயின், அவ்வாறு பொறுப்பேற்கும் பெண் குழந்தைகளால் படும் தொல்லையைவிடப் பெற்றோரால் படும் தொல்லையே பெரிதாகி, ஏற்பாடு குலைந்துபோவதுண்டு. அதனைத் தவிர்க்கும் வழிகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டங்களும் திட்டங்களும்

குழந்தைகள் காப்பகத்தின் தேவையை நாடு நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 50க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலைகளில் காப்பகம் அமைக்கப்பட வேண்டுமென விதித்தது. 1976இல் செய்யப்பட்ட திருத்தம் அவ்வரம்பை 30 ஆகக் குறைத்தது. ஆயினும், நான்கைந்து பேர் மட்டுமே வேலை செய்யும் நூற்பு மனைகளுக்கும் குடிசைத் தொழில்களுக்கும் இவ்விதியால் பயன் விளையவில்லை.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. கர்நாடகத்தில் அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது கொள்ளேகாலுக்கு அண்டையில் உள்ள தி.நரசிபுரம் வட்டாரமாகும். அங்கன்வாடிகள் ஊட்டச்சத்து, தடுப்பூசி, முன்பருவக் கல்வி ஆகியவற்றை ஊர்தோறும் கொண்டுசென்றன. எனினும், மூன்று வயது நிரம்பாத குழந்தையை நாள் முழுதும் வைத்துக் காக்கும் ஏற்பாடு அத்திட்டத்தில் இடம்பெறவில்லை. அக்குறையை நிறைக்கும் நோக்குடன் 2006இல் ராஜீவ் காந்தி பெயரிலான காப்பகத் திட்டமும், 2017இல் தேசியக் காப்பகத் திட்டமும், 2022 முதல் ‘மிஷன் சக்தி’யின் கீழ் ‘பால்னா’ திட்டமும் வகுக்கப்பட்டன. கர்நாடக அரசு 2023இல் ‘கூசின மனெ’, அதாவது குழந்தையின் வீடு, என்னும் பெயரில் கிராமப் பஞ்சாயத்துகளில் காப்பகங்களைத் தொடங்கியது. இவை எட்டாத தெருக்களிலும் நேரங்களிலும் இல்லக் காப்பகமே துணை நிற்கிறது.

சிக்கல்களை வகைப்படுத்துதல்

‘அந்தக் குடும்பம் ஒத்துவராது’ என்று பொதுவாகச் சொல்லிவிடுவது எளிது. அதனால் தீர்வு பிறப்பதில்லை. பெற்றோரால் எழும் சிக்கல்களைத் தொழிலின் நெருக்கடியால் எழுபவை, கருத்து வேறுபாட்டால் எழுபவை, குழந்தையின் நலனுக்கே ஊறு விளைவிப்பவை என மூவகையாகப் பிரித்துக் காணலாம். முதல் வகையில் காப்பாளர் இணங்கிச் செல்லலாம். இரண்டாம் வகையில் விளக்கிச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகையில் உறுதியாக நிற்க வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாமல் எல்லாவற்றிற்கும் இணங்குபவர் விரைவில் சோர்வடைவார். எல்லாவற்றிற்கும் சினங்கொள்பவரோ குழந்தைகளை இழப்பார்.

தொழிலின் காலக்கணக்கு

பட்டுப்புழு முட்டையினின்று வெளிவந்து கூடு கட்டத் தொடங்கும் வரை ஏறத்தாழ 25 முதல் 28 நாட்கள் ஆகின்றன. இக்காலத்தில் அது நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடக்கிறது. ஏறத்தாழ ஒரு வாரம் நீடிக்கும் ஐந்தாம் பருவத்தில் மட்டும், தன் வாழ்நாளில் உண்ணும் இலையில் 80 விழுக்காட்டிற்கும் மேலாக அது உண்டுவிடுகிறது. அவ்வாரத்தில் இலை பறித்தல், உணவிடுதல், படுக்கையைத் துப்புரவு செய்தல், முதிர்ந்த புழுக்களைப் பொறுக்கிச் சந்திரிகையில் விடுதல் எனக் குடும்பம் முழுவதும் ஓயாது உழைக்கும். மாலை ஆறு மணிக்குக் குழந்தையை அழைத்துச் செல்ல வேண்டிய தாய் எட்டு மணிக்கு வருவது பெரும்பாலும் அப்போதுதான்.

கட்டணத்தின் நிலையும் இதுவே. புழுக்களைச் சந்திரிகையில் விட்ட ஐந்தாறு நாட்களுக்குப் பின்னரே கூடுகள் அறுவடையாகி அங்காடிக்குச் செல்கின்றன. அங்கு ஏலத்தில் அன்றன்று விலை முடிவாகிறது. மாதத்தின் முதல் நாளில் கட்டணம் கேட்டால் கையில் பணம் இராது. அதனைக் கொடுக்க மனமில்லாமை என்று காப்பாளர் கருதினால் மனக்கசப்பே மிஞ்சும்.

இத்தகைய குடும்பங்களிடம் புழு வளர்ப்பு தொடங்கும் நாளைக் கேட்டு ஓர் ஏட்டில் குறித்துக்கொள்வது பயன் தரும். எந்த வாரத்தில் நேரம் நீளும், எந்த நாளில் பணம் வரும் என்பவை முன்னரே தெரிந்துவிடும். நீளும் நேரத்திற்குக் கூடுதல் கட்டணம் எவ்வளவு என்பதையும், பாக்கியைக் கூடு விற்ற நாளில் தீர்ப்பது என்பதையும் இரு தரப்பும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளலாம். முன்கூட்டித் திட்டமிட்ட தாமதத்திற்குச் சினங்கொள்ள வேண்டியதில்லை. முன்னறிவிப்பின்றித் திரும்பத் திரும்ப நேரும் தாமதத்திற்கு இச்சலுகை பொருந்தாது.

கருத்து வேறுபாடுகள்

இரண்டாம் வகைச் சிக்கல்கள் அன்றாடம் எழுபவை. காய்ச்சலோடு குழந்தையைக் கொண்டுவிடுதல், மருந்துப் புட்டியைக் கொடுத்து ‘அழுதால் ஊற்றுங்கள்’ என்றல், உடலில் சிறு கீறல் கண்டால் காப்பாளரைக் குறை கூறல், தாய் ஒன்று சொல்லப் பாட்டி வேறொன்று சொல்லல் ஆகியவை இதில் அடங்கும். இவற்றின் வேர் பெரும்பாலும் அச்சமே. பகல் முழுவதும் குழந்தையைப் பிரிந்திருக்கும் தாய், தான் காணாத நேரத்தில் என்ன நடந்தது என்று அறிய விழைகிறாள்.

இதற்கு நாட்குறிப்பு ஏடு சிறந்த மருந்தாகும். குழந்தை எப்போது உண்டது, எவ்வளவு உறங்கியது, எத்தனை முறை வயிற்றோட்டம் கண்டது, எங்கே விழுந்தது ஆகியவற்றை இரண்டு வரிகளில் குறிக்கலாம். எழுத்தறியாத பெற்றோருக்கு மாலையில் வாய்மொழியாகச் சொல்லலாம். காயம் பட்டிருந்தால், தாய் கண்டு கேட்பதற்கு முன் காப்பாளரே சொல்லிவிட வேண்டும். காலையில் குழந்தையை வாங்கும்போதே உடலைப் பார்த்து, முன்பே உள்ள காயத்தைக் குறித்துக்கொள்வதும் இன்றியமையாதது. மருந்து எதுவாயினும் மருத்துவர் எழுதிய சீட்டின்றிக் கொடுக்கலாகாது.

பேசும் முறையிலும் கருத்து வேண்டும். வாசலில் மற்றவர் முன்னிலையில் எழும் வாக்குவாதம் வளர்ந்துகொண்டே போகும். “அம்மா, இப்போது உங்களுக்கு நேரமில்லை, நாளைக் காலை கால்மணி நேரம் உட்கார்ந்து பேசுவோம்” என்று தள்ளிவைப்பது இருவருக்கும் நன்று. ‘நீங்கள் எப்போதும் இப்படித்தான்’ என்பதைவிட, ‘இந்த வாரம் மூன்று நாள் எட்டு மணியாயிற்று’ என்று ஏட்டைக் காட்டுவது பயன் தரும். வீட்டில் முடிவெடுப்பவர் மாமியாரோ தந்தையோ ஆயின், அவரையும் அழைத்துப் பேசுதல் வேண்டும். இல்லையேல் சுமை முழுவதும் தாயின் தலையில் விழும்.

விட்டுக்கொடுக்கலாகாதவை

மூன்றாம் வகையில் கட்டணமோ உறவோ கருதி இணங்குதல் தவறாகும். தம் குழந்தை குறிப்பிட்ட சாதிக் குழந்தைகளோடு அமர்ந்து உண்ணலாகாது எனச் சில பெற்றோர் வற்புறுத்தக்கூடும். தனித் தட்டு, தனி இடம் என்று ஒருமுறை இணங்கிவிட்டால், காப்பகம் மூன்று வயதிலேயே தீண்டாமையைக் கற்பிக்கும் பள்ளியாகிவிடும். அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துள்ளது; 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அதனைக் கடைப்பிடிப்பதைத் தண்டனைக்குரியதாக்கியுள்ளது. எல்லாக் குழந்தைகளும் ஒன்றாக உண்பர் என்பதைச் சேர்க்கும் நாளிலேயே சொல்லிவிடுவது நேரிய முறை. அதனால் ஒரு குடும்பம் விலகினால், அவ்விழப்பை ஏற்றுக்கொள்வதே தக்கது.

குடித்துவிட்டு வரும் ஒருவர், தந்தையேயாயினும், அவரிடம் அந்நிலையில் குழந்தையை ஒப்படைப்பது ஆபத்து. யார் யாரிடம் குழந்தையை ஒப்படைக்கலாம், அவசரத்தில் யாரை அழைக்கலாம் என்ற பெயர்ப்பட்டியலை முன்னரே எழுதி வாங்கியிருந்தால் இச்சூழலைச் சமாளிக்க இயலும். குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்ற ஐயம் எழுமாயின் 1098 என்ற உதவி எண்ணிற்குத் தெரிவிக்கலாம். அது பாலியல் கொடுமையாயின் காவல் துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கடமையாகும். தெரிவிக்கத் தவறுதல் குற்றம்.

உடன்படிக்கையும் பிரிவும்

மேற்கூறியவற்றிற்கெல்லாம் அடிப்படை ஒரு பக்க அளவிலான உடன்படிக்கைத் தாளே. நேரம், கட்டணம், கூடுதல் நேரக் கட்டணம், நோயுற்ற நாள், உணவு, ஒப்படைக்கத்தக்கவர் பெயர், முன்னறிவிப்புக் காலம் ஆகிய ஏழும் அதில் இடம்பெற்றால் போதும். கொள்ளேகால் போன்ற ஊர்களில் அது கன்னடத்திலும் தமிழிலும் இருத்தல் வேண்டும். கையொப்பம் பெறுமுன் உரக்கப் படித்துக் காட்டவும் வேண்டும்.

எல்லா முயற்சிக்குப் பின்னரும் சில குடும்பங்களோடு பிரிய நேரிடலாம். பேசுதல், எழுத்து மூலம் நினைவூட்டல், காலக்கெடு விதித்தல், பின் பிரிதல் என்ற வரிசை நியாயமானது. பிரியும்போதும் மாற்று இடம் தேடுவதற்கு உரிய அவகாசம் தரப்பட வேண்டும். பெற்றோரின் பிழைக்காகக் குழந்தை ஒரே நாளில் கொதிநீர்த் தொட்டியருகே திரும்பிச் செல்லும் நிலை உண்டாகலாகாது.

அலுவலர் செய்யத்தக்கவை

தேசியக் காப்பகத் திட்டத்தில் வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள குடும்பத்திற்கு மாதம் ரூ.20, ரூ.12,000 வரை மாத வருமானம் உள்ளவர்க்கு ரூ.100, அதற்கு மேற்பட்டோர்க்கு ரூ.200 எனக் கட்டணம் வகுக்கப்பட்டிருந்தது. விகிதம் வெளிப்படையாக இருந்தால் பேரம் பேசுதலும் மனக்கசப்பும் குறையும் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி. இல்லக் காப்பாளர்களுக்கும் இத்தகைய வழிகாட்டு விகிதம், மாதிரி உடன்படிக்கை, நாட்குறிப்பு ஏடு ஆகியவற்றைப் பஞ்சாயத்துகளும் மகளிர் தன்னுதவிக் குழுக்களும் வழங்கலாம். காப்பாளர் பயிற்சியில் ஊட்டச்சத்தும் தூய்மையும் போலவே பெற்றோருடன் உரையாடும் முறையும் ஒரு பாடமாதல் வேண்டும். சாதி வேறுபாடு பாராட்ட மறுத்தமைக்காக ஒரு காப்பாளர் ஊராரின் புறக்கணிப்பிற்கு ஆளானால், அவருக்குத் துணை நிற்பது மேற்பார்வையாளரின் கடமை.

புழுவின் பருவத்தை அறிந்து இலையிடும் திறன் கொள்ளேகால் வட்டாரப் பெண்களுக்குப் புதிதன்று. குடும்பங்களின் நெருக்கடிகளையும் அவ்வாறே பருவம் அறிந்து கையாளும் காப்பாளரின் இல்லத்தில் குழந்தை அச்சமின்றி வளரும். தாயும் கவலையின்றி உழைப்பாள்.