பிள்ளையின் கண்முன்னே

வன்முறை என்றதும் தெருவில் நடப்பதையே நினைக்கிறோம். ஆனால் அது வீட்டுக்குள்ளும் வருகிறது. பிள்ளையின் கண்ணும் காதுமே அதற்கு வாசல். இதை நான் என் தம்பியிடம் கண்டேன்.

2018 மார்ச்சில் திகனவிலும் கண்டியைச் சூழ்ந்த வேறு ஊர்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஊரடங்குச் சட்டம் வந்தது. மார்ச் 6 ஆம் திகதி நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனமானது. எங்கள் வீட்டில் ஒரு கல்லும் விழவில்லை. எனினும், பெரியவர்கள் கையடக்கத் தொலைபேசியில் எரியும் கடைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். உம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று ஐந்து வயதுத் தம்பியும் பார்த்ததை எவரும் கவனிக்கவில்லை.

பின்பு அவன் தீப்பெட்டிகளை அடுக்கிக் கடைத்தெரு கட்டி, “நெருப்பு வருது” என்று தட்டிவிட்டு விளையாடினான். இரவில் படுக்கையை நனைத்தான். அதற்காக வாப்பா அடித்தார். “அவன் வேணுமென்று செய்யல்ல, பயத்துல செய்றான்” என்று உம்மா அழுதார். வாப்பா ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு அவனருகிலேயே படுத்துக்கொண்டார்.

அதன்பின் எங்கள் வீட்டில் சில பழக்கங்கள் மாறின.

முதலாவது, செய்தி பார்க்கும் நேரம். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி குண்டுவெடிப்புகள் நடந்தபோது, தம்பி தூங்கிய பிறகே தொலைக்காட்சியைப் போட்டோம். அவன் கேட்டதற்குச் சுருக்கமாக உண்மையைச் சொன்னோம். தாக்கியவர்களை மட்டுமன்றி, ஆபத்தில் உதவிய அயலவர்களையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பயம் வெறுப்பாக வளரும்.

இரண்டாவது, பெற்றோரின் சண்டை. கதவைச் சாத்தினாலும் பிள்ளைக்குக் கேட்கும். தன்னால்தான் சண்டை என்றும் அது எண்ணும். பிள்ளைமுன் கோபித்தவர்கள் பிள்ளைமுன்னே சமாதானமாவதும் அவசியம்.

மூன்றாவது, அடி. ‘அடியாத மாடு பணியாது’ என்கிறோம். பிள்ளை மாடல்ல. பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த சிறுவர் அனஸ் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறையேனும் ‘சீ’ என்று கடிந்ததில்லை. கோபம் வந்தால் வாப்பா இப்போது முற்றத்துக்கு இறங்கிவிடுவார்.

எல்லா வீடுகளிலும் இது தானாக மாறாது. 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கத்தில் முறையிடலாம். 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை வழங்கும். உதவி கேட்பது குடும்ப மானத்தைக் கெடுப்பதல்ல.

தம்பி வளர்ந்துவிட்டான். ஆனாலும் வீட்டில் குரல் உயர்ந்தால், எழுதிக்கொண்டிருக்கும் அவன் கை நின்றுவிடும். அதைக் கண்டதும் வாப்பா குரலைத் தாழ்த்துவார். நாளைய தாய்மாராகிய நாமும் அந்தக் கையைக் கவனிக்கப் பழகுவோம்.