மண் குழலில் காடு கேட்குமா?

கேள்வி: சினிமாவில் வயலோ மலையோ வந்தால் உடனே புல்லாங்குழல் கேட்கிறதே, ஏன்? அது மூங்கிலுக்கு மட்டுமே உள்ள குணமா? எங்கள் ஊர்க் களிமண்ணில் குழல் செய்தால் அந்த உணர்வு வருமா?
– பீங்கான் பொம்மை செய்யும் வாசகர், விருத்தாசலம்

பதில்: பழக்கம் பாதி, மூச்சு பாதி.

பழக்கம் சினிமாவுக்கு வெகு முந்தியது. அகநானூறு 82-ஆம் பாட்டில், மூங்கிலில் வண்டு துளைத்த ஓட்டைகளில் கோடைக்காற்று புகுந்து குழலாக ஒலிக்கிறது. அருவி முழவாகிறது, மயில் ஆடுகிறது, குரங்குகள் வேடிக்கை பார்க்கின்றன. கபிலர் அன்றே பின்னணி இசை அமைத்துவிட்டார்! பெரும்பாணாற்றுப்படையில் இடையன் தீக்கடைகோலால் துளையிட்ட குழலை ஊதுகிறான். மேய்ச்சல் காடும் குழலும் நம் காதில் சேர்ந்தே பதிந்தவை.

அடுத்தது மூச்சு. குழலில் சுரத்தோடு கொஞ்சம் வெறுங்காற்றும் கசியும். மைக்கை வாய்த்துளைக்கு அருகில் வைத்தால் அதுவும் பதிவாகும். நமக்கு வெட்டவெளியாகக் கேட்பது அந்தக் கசிவுதான். நீளமான, சுருதி தாழ்ந்த குழல் பள்ளத்தாக்கைக் காட்டும். குட்டைக் குழலில் விரலைச் சட்டென்று எடுத்தால் பறவை கூவும். இளையராஜாவுக்குப் பல ஆண்டுகள் வாசித்த நெப்போலியனின் குழலில் இதைக் கவனியுங்கள் (பாடகர் அருண்மொழியும் அவரே). ஆனால் 1995-இல் வந்த 'பம்பாய்' படத்தின் தீம் இசையில் நவீன் குமார் ஊதுவது வயலும் அல்ல, மலையும் அல்ல. கலவரத்தில் சிதைந்த நகரத்தின் துக்கம். ஆகவே புகழை முழுக்க மூங்கிலுக்குக் கொடுக்க மாட்டேன். குழலின் உள் அகலமும் வாய்த்துளையின் விளிம்பும் செய்கிற வேலையில் சிறு பங்குதான் மரத்தின் வேலை.

இனி உங்கள் களிமண். 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) படத்தில் என்னியோ மோரிக்கோனே ஒரே மெட்டை நல்லவனுக்குப் புல்லாங்குழலிலும் கெட்டவனுக்கு ஒகரினாவிலும் கொடுத்தார். ஒகரினா வழக்கமாகச் சுட்ட மண்ணில் செய்யும் ஊதல். உள்ளே குழாய் இல்லை, மூடிய குடம்தான். அதனால் நாதம் உருண்டையாக, வெறுமையாக வரும். மேல் ஸ்தாயிக்குத் தாவாது. என் காதுக்கு அதில் தனிமை கேட்கிறது, பசுமை கேட்கவில்லை.

செய்து பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், துளைகளைப் பாதி காய்ந்த பதத்திலேயே போட்டுவிடுங்கள். சூளையில் மண் சுருங்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பக்கத்துக்குப் பக்கம் 10 சதவீதம் சுருங்கினால் சுருதி ஏறக்குறைய ஒரு கட்டை ஏறிவிடும். அந்த அளவுக்கு முதலிலேயே பெரிதாகப் பிடியுங்கள்.